மேசைமேல் ஒரு போர்க்களம்: திருகோணமலையில் பலகை விளையாட்டும் போர் விளையாட்டும் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

கோணேசர் கோயிலுக்குச் செல்பவர்கள் எல்லோரும் பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்துதான் மேலே ஏறுகிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நான்கு வல்லரசுகள் அந்தக் கோட்டைக்காகவும் அதன் பின்னாலுள்ள துறைமுகத்துக்காகவும் ஒன்றையொன்று துரத்தியிருக்கின்றன. அவர்கள் ஏன் மோதினார்கள், எந்த வேளையில் யார் வேறு முடிவெடுத்திருந்தால் கதை மாறியிருக்கும் என்பதைப் புத்தகத்தில் வாசிப்பது ஒரு வகை அறிவு. அதே கேள்வியை ஒரு மேசையில் வரைபடமாக விரித்து, எதிரே ஒருவரை இருத்தி, பகடையைக் கையில் கொடுத்து விளையாடிப் பார்ப்பது வேறு வகை. இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. பலகை விளையாட்டுகளைச் சேர்க்கும் பழக்கமும் இதனோடு சேர்ந்தே வளரும் என்பதால் அதையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: சேகரிப்பு விளையாட்டின் பின்னால் வர வேண்டுமே தவிர அதற்கு முன்னால் ஓடக் கூடாது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த எண்ணத்தில்தான் வரிசைப்படுத்தப்பட்டுள்ளது.

முதலில் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் மூன்று கிளைகள் உண்டு. முதலாவது, குடும்பத்தோடு இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்கக்கூடிய பலகை விளையாட்டுகள். 1995இல் ஜெர்மனியில் கிளவுஸ் டொய்பர் வடிவமைத்து வெளிவந்த கற்றான், 2000இல் வெளிவந்த கார்க்கசோன் போன்றவை இந்தக் கிளையை உலகெங்கும் கொண்டுசென்றன. இரண்டாவது, வரைபடத்தின்மேல் சிறிய அட்டைக் காய்களை நகர்த்தும் போர் விளையாட்டுகள். மூன்றாவது, வர்ணம் பூசிய சிற்றுருவங்களைச் செயற்கை நிலக்காட்சியின்மேல் அளவுகோல் வைத்து நகர்த்துவது.

போர் விளையாட்டின் வேர் பிரஷ்ய இராணுவத்தில் இருக்கிறது. ரைஸ்விட்ஸ் என்ற குடும்பத்தில் தந்தை தொடங்கிய ஒரு விளையாட்டை மகன் சீர்செய்து 1824இல் இராணுவத் தலைமையிடம் காட்டினார். அங்கு அது அதிகாரிகளுக்கான பயிற்சியாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடைகளில் விற்கப்படும் பலகை வடிவத்துக்கு அமெரிக்கரான சார்ள்ஸ் ரொபேர்ட்ஸ் 1954இல் வழி திறந்தார். 1958இல் அவர் தொடங்கிய அவலோன் ஹில் நிறுவனம் 1961 அளவில் அறுகோணக் கட்டங்களை வரைபடத்துக்குக் கொண்டுவந்தது. சதுரக் கட்டத்தில் மூலைவழியாக நகரும் காய் மற்றக் காய்களைவிடக் கூடுதல் தூரம் போய்விடும். அறுகோணத்தில் ஆறு பக்கத்து அயற்கட்டங்களும் ஒரே தூரத்தில் இருப்பதால் அந்தக் கோணல் இல்லை. இன்றுவரை போர் விளையாட்டு வரைபடங்கள் தேன்கூடு போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இவையெல்லாம் நமக்கு முற்றிலும் புதியவை என்று எண்ண வேண்டியதில்லை. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் ஆடுபுலி ஆட்டத்தில் இரு தரப்புக்கும் காய்களும் வேறு, வெல்லும் வழியும் வேறு. இன்றைய போர் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் பெரிதாகப் பேசும் சமனற்ற தரப்புகள் என்ற உத்தியை அதில் முழுமையாகக் காணலாம். 304 என்ற சீட்டாட்டம் விளையாடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிராளியின் முகத்தைப் படிப்பது சிறு வயதிலேயே கைவந்துவிடும். மறைத்து வைத்த தகவலைக் கையாளும் அந்தப் பயிற்சி போர் விளையாட்டு மேசையில் நேரடியாகப் பயன்படும்.

படி ஒன்று: ஆளையும் நாளையும் பிடியுங்கள்

பெட்டி வாங்குவதற்கு முன் ஆள் வேண்டும். நான்கு பேர் கிடைத்தால் நல்லது. நம்பிக்கையான ஒருவர் கிடைத்தாலே தொடங்கிவிடலாம், ஏனெனில் பெரும்பாலான போர் விளையாட்டுகள் இருவருக்கானவை. சதுரங்கம் பழகிய மாணவர்கள், கரம் பலகையை விட்டு எழும்ப மனமில்லாதவர்கள், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பவர்கள், வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆகியோரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். கூட்டம் கூடுவதற்கு ஒழுங்கான நாள் முக்கியம். வேலை செய்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் மூவின மக்களுக்கும் ஒன்றாக விடுமுறை கிடைக்கும் பௌர்ணமி நாளைப் போல வசதியான நாள் நம் ஊரில் வேறில்லை. மாதம் ஒரு பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால் யாரையும் தொலைபேசியில் அழைத்துக் கெஞ்ச வேண்டியிருக்காது.

மொழியையும் சற்று யோசிக்க வேண்டும். மேசையைச் சுற்றித் தமிழும் சிங்களமும் பேசுபவர்கள் இருக்கும்போது, ஆங்கிலத்தில் நீண்ட வாசகங்கள் அச்சிடப்பட்ட சீட்டுகள் கொண்ட விளையாட்டு எல்லோரையும் தடுக்கும். தொடக்கத்தில் படங்களாலும் குறியீடுகளாலும் மட்டும் ஓடும் விளையாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்.

படி இரண்டு: முதல் பெட்டிகள்

முதலாவதாகக் கார்க்கசோனைப் பரிந்துரைக்கிறேன். எழுபத்திரண்டு சதுர ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வீதியோடு வீதியும் மதிலோடு மதிலும் பொருந்தும்படி வைத்துக்கொண்டே போவதுதான் விளையாட்டு. ஓடுகளில் வாசிப்பதற்கு எதுவும் இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் அப்பப்பாவும் ஒரே மேசையில் இருக்கலாம். ஆயினும் எதிராளியின் நகரத்துக்குள் தன் ஆள் காயை நுழைப்பதற்கு அப்பப்பா காத்திருக்கும் பொறுமையைப் பார்த்தால், இது வெறும் பொருத்தும் விளையாட்டு இல்லை என்பது விளங்கும்.

போட்டியை விரும்பாதவர்களுக்கு 2008இல் வெளிவந்த பண்டெமிக் பொருந்தும். அதில் எல்லோரும் ஒரே அணியில் நின்று நோய்ப் பரவலைத் தடுக்கிறார்கள். கற்றானுக்கு மூவரோ நால்வரோ வேண்டும். பண்டமாற்றுப் பேரம் பேசும் இரைச்சல்தான் அதன் இன்பம் என்பதால் அமைதியான கூட்டத்தில் அது சோபிக்காது.

இந்த மூன்றில் இரண்டை நன்றாக, பலமுறை விளையாடிய பின்னரே அடுத்ததற்குப் போங்கள். முதல் ஆட்டத்தில் விதி விளங்கும், இரண்டாவதில் தவறுகள் விளங்கும், அதன் பிறகுதான் விளையாட்டே தொடங்கும். ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் சலிப்புத் தட்டுகிறது என்றால், அந்த விளையாட்டு உங்களுக்குரியதில்லை என்று அறிந்துகொள்வதும் ஒரு பயன்தான்.

படி மூன்று: விதிநூலைப் படிக்கும் முறை

விதிநூலை மேசையில் எல்லோர் முன்னிலையிலும் முதன்முதலாகத் திறப்பது கூட்டத்தைக் கலைப்பதற்கான நிச்சயமான வழி. அதற்கு முதல் நாளே ஒருவர் அதைத் தனியாக முழுவதும் வாசிக்க வேண்டும். பிறகு காய்களை அடுக்கி, இரண்டு தரப்பையும் தானே ஏற்று இரண்டு சுற்றுகள் நகர்த்திப் பார்க்க வேண்டும். வாசிக்கும்போது தெளிவாயிருந்த விதி, கை வைத்து நகர்த்தும்போது இடறுவதை அப்போதுதான் காண்பீர்கள்.

மற்றவர்களுக்குச் சொல்லும்போது வெல்வது எப்படி என்பதில் தொடங்குங்கள். அடுத்து ஒரு முறையில் ஒருவர் என்ன செய்யலாம், ஆட்டம் எப்போது முடியும் என்பவற்றைச் சொல்லி உடனே விளையாடத் தொடங்குங்கள். விதிவிலக்குகளை அவை வரும்போது சொன்னால் போதும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்புத்தாள் எழுதி, கொமினிகேஷனில் லெமினேட் செய்து பெட்டிக்குள் வையுங்கள். எழுதும்போது ஒரு செயலுக்கு ஒரே சொல்லை இறுதிவரை பயன்படுத்துவது முக்கியம். ஓரிடத்தில் நகர்வு என்றும் இன்னோரிடத்தில் பயணம் என்றும் எழுதினால் அவை இரண்டும் வேறு வேறு செயல்கள் என்று ஆட்டக்காரர் நினைத்துவிடுவார். குறிப்புத்தாள் எழுதுவது அலுப்பான வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலம் கைவராதவரும் ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவரும் சம தரையில் நிற்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படி நான்கு: போர் விளையாட்டுக்குள் நுழைதல்

இங்கே ஒரு விடயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். 2009 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் போரோடு வாழ்ந்த மாவட்டம் இது. மேசையைச் சுற்றி இருப்பவர்களில் உறவினரை, வீட்டை, ஊரை இழந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் அதைச் சொல்லாமலும் இருப்பார்கள். ஆகவே போர் விளையாட்டுக்கு ஒருவரை அழைக்கும்போது அது எதைப் பற்றியது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், தயங்குபவரை வற்புறுத்தாதீர்கள், நம் சொந்தப் போரை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். நெப்போலியன் காலமோ, பாய்மரக் கப்பல்களின் காலமோ, பண்டைய உரோமோ போதிய தூரத்தில் இருக்கின்றன. இந்தக் கட்டுப்பாடு பொழுதுபோக்கைக் குறுக்குகிறது என்று நான் கருதவில்லை. எதிரே இருப்பவரின் மனத்துக்கு இடம் கொடுக்காத மேசையில் யாரும் நெடுநாள் இருக்கமாட்டார்கள்.

முதல் போர் விளையாட்டாக 2004இல் ரிச்சர்ட் போர்க் வடிவமைத்த மெமொயர் 44 ஏற்றது. இரண்டாம் உலகப் போரின் தனித்தனி மோதல்களை அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் விளையாடலாம். களம் இடது, நடு, வலது என மூன்றாகப் பிரிந்திருக்கும். கையிலுள்ள சீட்டு எந்தப் பகுதிக்கு உரியதோ அந்தப் பகுதிப் படைகளுக்கு மட்டுமே கட்டளையிட முடியும். வலப்பக்கம் எரிந்துகொண்டிருக்கும்போது கையில் இடப்பக்கச் சீட்டுகள் மட்டும் இருக்கும் அந்தத் தவிப்பு, நினைத்ததையெல்லாம் நினைத்த வேளையில் செய்ய முடியாத தளபதியின் நிலையை எளிமையாகக் காட்டிவிடுகிறது.

அதற்கு அடுத்த நிலையில் அறுகோண வரைபடமும் கவுன்டர்கள் எனப்படும் சிறிய அட்டைக் காய்களும் கொண்ட விளையாட்டுகள் வருகின்றன. ஒரு மோதலைக் கிட்ட நின்று பார்ப்போம். ஒவ்வொரு கவுன்டரிலும் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வலிமை, மற்றது நகரும் தூரம். உங்களுடைய மூன்று படைகள், ஒவ்வொன்றும் வலிமை 4, எதிரியின் வலிமை 4 கொண்ட ஒரு படையைத் தாக்குகின்றன என்று கொள்வோம். 12க்கு 4, அதாவது 3க்கு 1. விகிதத்துக்கும் பகடை எண்ணுக்கும் ஏற்ப முடிவைச் சொல்லும் மோதல் அட்டவணையில், அந்த நிரலில் பகடை எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் எதிரி பின்வாங்குவார். ஆனால் அவர் நிற்பது குன்று என்றும், அந்த விளையாட்டில் குன்று பாதுகாப்பை இரட்டிப்பாக்கும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 12க்கு 8. விகிதத்தைத் தற்காப்பவருக்குச் சாதகமாகவே முழுமையாக்குவது வழக்கம் என்பதால் இது 1க்கு 1 ஆகிவிடுகிறது. தாக்கியவரே அடிபட்டுத் திரும்ப நேரலாம். இன்னும் ஒரு 4 வலிமைப் படையைக் கொண்டுவந்தால் 16க்கு 8, அதாவது 2க்கு 1. அந்த நான்காவது படையை எங்கிருந்து எடுப்பது, எடுத்த இடத்தில் உண்டாகும் ஓட்டையை யார் அடைப்பது என்ற கேள்வியில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. பகடை அதற்குப் பிறகுதான் உருள்கிறது.

இந்தக் கவுன்டர்களை அட்டையிலிருந்து பிரிக்கும்போது கையால் கிழிக்காமல் கட்டர் பிளேட்டால் இணைப்புகளை வெட்டுங்கள். மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாரை நகவெட்டியால் நறுக்கிவிட்டால் அடுக்குவது இலகுவாகும். காகித வரைபடத்தின்மேல் மெல்லிய அக்ரிலிக் தகட்டை வைத்தால் மடிப்பு எழும்பாது. மின்விசிறிக் காற்றுக்கும் வரைபடம் அசையாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மே மாதத்தில் திருகோணமலையில் யாரும் மூன்று மணித்தியாலம் விளையாட முடியாது என்பதால் இந்தத் தகடு எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை.

ஆள் கிடைக்காத காலத்துக்கு வசல் என்ற இலவச மென்பொருள் உண்டு. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் மச்சானோடு கணினித் திரையில் அதே வரைபடத்தையும் அதே கவுன்டர்களையும் வைத்து விளையாடலாம். பல போர் விளையாட்டு நிறுவனங்கள், குறிப்பாக ஜி.எம்.ரி., தங்கள் விதிநூல்களை இலவசமாகவே இணையத்தில் தருகின்றன. வாங்குவதற்கு முன் விதிநூலை வாசித்துப் பாருங்கள். வாசிப்பதே சுமையாக இருந்தால் பெட்டி வந்த பிறகும் அது சுமையாகவே இருக்கும்.

படி ஐந்து: பெட்டிகள் வந்துசேரும் வழி

நம் ஊர்க் கடைகளில் சதுரங்கம், கரம், ஏணியும் பாம்பும் தவிர அதிகம் கிடைக்காது. கொழும்பில் சில கடைகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வருவித்தால் பொருளின் விலையோடு கப்பற்கூலியையும் சேர்த்தே சுங்க வரி கணக்கிடப்படும் என்பதை மறக்க வேண்டாம். கனமான பெட்டிக்கு மொத்தச் செலவு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிடும். நண்பர்கள் சேர்ந்து ஒரே பொதியாக வருவித்தால் ஆளுக்குரிய பங்கு குறையும்.

நம்மில் பலருக்கு உண்மையான வழி, விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப்பெட்டிதான். ஆனால் அவர்களிடம் கேட்கும்போது அளவையும் நிறையையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பொதுவான பெட்டி ஏறத்தாழ 30 சென்டிமீற்றர் சதுரம். அதனுள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். காய்களைப் பைகளில் போட்டுவிட்டு அந்த வெற்றிடத்தில் உடுப்புகளைத் திணித்தால் பெட்டி நசுங்காது, இடமும் வீணாகாது.

இணையச் சந்தைகளில் மலிவாக வரும் போலிப் பிரதிகளை வாங்காதீர்கள். சீட்டுகள் மெல்லியதாக, வெட்டு ஒழுங்கற்று, பின்பக்க நிறம் சீட்டுக்குச் சீட்டு மாறியிருக்கும். பின்பக்கம் மாறினால் கவிழ்த்து வைத்த சீட்டைக்கூட அடையாளம் கண்டுவிடலாம். வடிவமைப்பாளருக்கும் ஒரு சதம் போய்ச்சேராது. பணம் குறைவென்றால், அச்சிட்டு விளையாடுவதற்கென்றே வடிவமைப்பாளர்கள் இலவசமாக வெளியிடும் விளையாட்டுகள் ஏராளம். ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு, தடித்த மவுண்ட் போட்டில் ஒட்டி, ஓர் இரவு புத்தகங்களுக்கு அடியில் அழுத்தி வைத்துவிட்டு மறுநாள் உருக்கு அடிமட்டம் வைத்து வெட்டினால் கடைப் பொருளுக்கு நிகராக வரும். ஒரே அழுத்தத்தில் வெட்ட முயலாமல், மூன்று நான்கு முறை மென்மையாக இழுங்கள்.

படி ஆறு: உப்புக்காற்றிலும் மழையிலும் காப்பாற்றுதல்

இந்தப் படியை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. குளிர்நாடுகளில் அச்சிட்ட அட்டையும் காகிதமும் நம் கடற்கரைக் காற்றுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழைக்காலத்தில் பலகைகள் ஈரம் உறிஞ்சி வளையும், சீட்டுகள் ஒட்டிக்கொள்ளும், பெட்டியின் உட்புறத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். கடைசித் தட்டு நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயரமாக இருக்கட்டும், ஏனெனில் வெள்ளமும் கறையானும் கீழிருந்துதான் வரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிக்குள் போடுவது நல்லது; நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மறுபடி சூடாக்கி உலர்த்த வேண்டும் என்பது தெரியும். பூச்சி உருண்டையைப் பெட்டிக்குள் போடவே வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக் காய்களை இளக்கிக் கெடுத்துவிடும். இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுவதே சிறந்த தடுப்பு. அடிக்கடி விளையாடப்படும் பெட்டி தானாகவே பாதுகாக்கப்படுகிறது.

சீட்டுகளுக்கு உறை போடுங்கள். உறை வாங்கும் முன் சீட்டை மில்லிமீற்றரில் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள், 63.5க்கு 88, 59க்கு 92, 44க்கு 68 என்ற அளவுகள் அதிகம் காணப்படுபவை, ஒன்றுக்குரிய உறை மற்றதற்குப் பொருந்தாது. சின்னக் காய்களைப் பிரித்து வைப்பதற்கு, மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் தூண்டில் முள் போடும் அறைகள் பிரித்த பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றைவிடப் பொருத்தமானது வேறில்லை. விளையாடும் மேசையில் பிளேன்டீ இருக்கலாம், ஆனால் அதற்கென்று பக்கத்தில் ஒரு ஸ்டூல் வையுங்கள். வடை சாப்பிட்ட கையைக் கழுவாமல் யாரும் சீட்டைத் தொடக் கூடாது என்பதை வீட்டு விதியாகவே ஆக்கிவிடலாம்.

படி ஏழு: சிற்றுருவங்கள்

சிற்றுருவங்களின் அளவு மனித உருவத்தின் உயரத்தால் குறிக்கப்படும். 28 மில்லிமீற்றர் உருவங்களில் முகமும் பொத்தானும் தெரியும்படி வர்ணம் தீட்டலாம். 15 மில்லிமீற்றரில் பெரிய படைகளைச் சாதாரண உணவு மேசையில் நிறுத்தலாம். 6 மில்லிமீற்றரில் முழுப் போர்க்களமே அடங்கும். தொடங்குபவர்களுக்கு 1க்கு 72 என்ற அளவில் வரும் பிளாஸ்டிக் வீரர்கள் மலிவானவை.

வர்ணம் பூசுவதற்கு முன் அடிப்பூச்சு வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் ஸ்பிரே அடிப்பூச்சு வெண்ணிறமாகப் பூத்துப் பொடிபோலப் படிந்துவிடும். மழைக்காலம் முழுவதும் தூரிகையால் பூசும் அடிப்பூச்சையே பயன்படுத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிரச்சினை வேறு: தட்டில் எடுத்த அக்ரிலிக் வர்ணம் நொடியில் காய்ந்துவிடும். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் நனைத்த பஞ்சை விரித்து, அதன்மேல் கேக் சுடும் தாளை வைத்து, அந்தத் தாளில் வர்ணத்தைக் கலந்தால் மறுநாள் வரையும் ஈரமாக இருக்கும்.

சிற்றுருவங்கள் நிற்கும் அடித்தட்டுகளுக்கு மணல் ஒட்டும்போது கடற்கரை மணலைக் குறைந்தது மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி உலர்த்துங்கள். உப்பு தங்கிய மணல் ஈரத்தை இழுத்து வர்ணத்தை உரித்துவிடும். பைண்டர் கம்மைத் தண்ணீரில் சற்று இளக்கிப் பூசி மணலைத் தூவினால் போதும். குன்றுகளை ரெஜிபோமில் வெட்டலாம், ஆனால் ஸ்பிரே வர்ணம் அதைக் கரைத்துவிடும் என்பதால் முதலில் பைண்டர் கம் பூசிக் காயவிட வேண்டும். அழகாயிருக்கிறது என்று முருகைக்கல் பொறுக்கி வராதீர்கள். புறாத்தீவின் பவளப்பாறைகள் 2003 முதல் தேசிய பூங்காவின் பாதுகாப்பில் உள்ளன.

படி எட்டு: நம் கடலில் நடந்த ஒரு போர்

இந்தப் பொழுதுபோக்கின் உச்சம், சொந்தமாக ஒரு விளையாட்டை உருவாக்குவது. அதற்கு 1782 செப்டெம்பர் 3ஆம் திகதியைவிட நல்ல பொருள் நமக்குக் கிடைக்காது. அந்த ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் அதை அவர்களிடமிருந்து பறித்தார். உதவிக்கு வந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸ் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டார். சுப்ரென் பதினான்கு போர்க்கப்பல்களோடு வெளியே வந்தார், ஹியூஸிடம் பன்னிரண்டு. தென்மேற்குக் காற்றில் ஆங்கிலேயர் ஒழுங்கான வரிசையில் விலகிச் செல்ல, பின்தொடர்ந்த பிரெஞ்சு வரிசை குலைந்தது. சுப்ரெனின் கொடிக்கப்பலும் வேறு இரண்டும் நடுவில் நெருங்கிப் போரிட, மற்றவை தூரத்தில் நின்று சுட்டன. இரு தரப்பிலும் ஒரு கப்பலும் பிடிபடவில்லை. ஆயினும் துறைமுகத்துக்குத் திரும்பும்போது பிரெஞ்சு ஓரியன்ட் கப்பல் பாறையில் மோதி அழிந்தது.

முதலில் மேசையைக் கணக்கிடுங்கள். எழுபத்திநான்கு பீரங்கிக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 50 மீற்றர். 1க்கு 1200 அளவில் அது நான்கு சென்டிமீற்றருக்குச் சற்றுக் கூடும். இடைவெளியோடு பதினான்கு கப்பல்கள் வரிசையாக நின்றால் ஒரு மீற்றருக்கு மேல் பிடிக்கும், அதற்கு ஆறடி மேசையாவது வேண்டும். மேசை சிறிதென்றால் 1க்கு 2400க்கு இறங்குங்கள். உலோகக் கப்பல்களை வாங்க அவசரப்பட வேண்டாம். பிறிஸ்டல் போட்டில் வெட்டிய இருபத்தாறு துண்டுகளே விதிகளைச் சோதிக்கப் போதும். நீல நிறத் துணியை இஸ்திரி போட்டு விரித்தால் கடல் தயார்.

விதிகளில் முதலிடம் காற்றுக்கு. அக்காலச் சதுரப் பாய்க் கப்பல்கள் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 67 பாகைக்குள் முகம் திருப்பி ஓட முடியாது. மேசையின் ஓரத்தில் காற்றுத் திசைக்கு ஓர் அம்புக்குறி ஒட்டி, அந்தக் கோணத்தை அட்டையில் வெட்டி அளவுகருவியாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று பக்கவாட்டிலோ பின்னாலோ இருந்தால் 10 சென்டிமீற்றர், எதிர்க்காற்றை ஒட்டி ஓடினால் 5 சென்டிமீற்றர் என்று தொடங்கிப் பார்க்கலாம். கச்சானையும் வாடையையும் தொழிலாக அறிந்த ஒரு மீனவரை ஒரு நாள் மேசைக்கு அழைத்துக் கேளுங்கள். நீங்கள் எழுதிய நகர்வு விதியின் தவறுகளை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இரண்டாவது இடம் கட்டளைக்கு. சுப்ரெனின் இடர்ப்பாடு கப்பல்களின் எண்ணிக்கையில் இருக்கவில்லை. அவருடைய சமிக்ஞைகள் நினைத்தபடி நிறைவேறவில்லை. ஆகவே தளபதி தன் கட்டளையைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். ஒவ்வொரு பிரெஞ்சுக் கப்பலுக்கும் பகடை உருட்டி, 1 அல்லது 2 விழுந்தால் அந்தக் கப்பல் பழைய கட்டளையிலேயே ஒரு சுற்று நீடிக்கட்டும். ஆங்கிலக் கப்பல்களுக்கு 1 விழுந்தால் மட்டும். இந்த ஒரு விதியே எண்ணிக்கையில் கூடிய தரப்பைத் தடுமாற வைப்பதைக் காண்பீர்கள். பீரங்கி விதிகளை எளிமையாக வையுங்கள். ஒவ்வொரு குண்டையும் கணக்கிடத் தொடங்கினால் ஆட்டம் முடியாது. இறுதியாக, பிரெஞ்சுத் தரப்பு வென்றதாகக் கருத அது துறைமுகத்துக்குத் திரும்பிச் சேர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். ஓரியன்டின் பாறை அப்போது ஒரு விதியாகவே மேசைக்கு வந்துவிடும்.

இது கைகூடியவர்கள் 1942 ஏப்ரலை எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 8ஆம் திகதி ஜப்பானியக் கப்பற்படை காணப்பட்டதும் துறைமுகத்துக் கப்பல்களுக்கு வெளியேறும்படி கட்டளை போனது. மறுநாள் காலை சீனக்குடா விமானத்தளமும் துறைமுகமும் குண்டுவீச்சுக்கு உள்ளாகின. தன் விமானங்கள் இல்லாமல் தெற்கே சென்றிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. யார் எங்கே இருக்கிறார் என்பது ஒருவருக்கும் தெரியாத இந்த நிகழ்வுக்கு மூன்றாமவர் ஒருவர் நடுவராக வேண்டும். இரு தரப்பும் வெவ்வேறு அறையில் தனித்தனி வரைபடத்தோடு இருக்க, நடுவர் மட்டும் உண்மை நிலையை அறிந்திருப்பார். உண்மை நிலையை நடுவர் மட்டும் அறிந்திருப்பது ரைஸ்விட்ஸின் காலத்திலேயே இருந்த முறைதான்.

படி ஒன்பது: சேகரிப்பை ஒழுங்கில் வைத்தல்

ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி போதும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய விலை, காய்களின் எண்ணிக்கை, விளையாடிய திகதிகள், யாரோடு, என்ன விதிக் குழப்பம் வந்தது என்பவற்றை எழுதுங்கள். ஒரு வருடம் முழுவதும் திகதி ஏறாத பக்கம் எதுவோ, அந்தப் பெட்டியை விற்கவோ மாற்றவோ பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவோ தயங்காதீர்கள். அரிதானது என்பதற்காக மட்டும் ஒன்றை வைத்திருப்பதை நான் ஆதரிப்பதில்லை. நம் காலநிலையில் திறக்கப்படாத பெட்டியின் மதிப்பு ஏறுவதற்கு முன் பூஞ்சணம் ஏறிவிடும். விரிவாக்கப் பெட்டிகளையும் இதே கணக்கில் பாருங்கள். மூல விளையாட்டின் பக்கம் நிறையாமல் அதன் விரிவாக்கத்தை வாங்க வேண்டியதில்லை.

இரவல் கொடுக்கும்போது மூடியின் உட்புறத்தில் காய்களின் பட்டியலை ஒட்டிக் கொடுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். அது சந்தேகத்தினால் செய்வது என்று யாரும் மனம் நோகாதபடி, எல்லோருக்கும் ஒரே நடைமுறை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். காய் ஒன்று தொலைந்தால் பல நிறுவனங்கள் எழுதிக் கேட்டால் மாற்றுக்காய் அனுப்புகின்றன. அது வரும்வரை அதே அளவில் மவுண்ட் போட்டில் ஒன்றை வெட்டி, நிறம் தீட்டி, பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த பௌர்ணமிக்கு ஆட்களை அழையுங்கள்.